அப்பாவுக்கு ஒரு டிரான்சிஸ்டர்

கல்யாணமான மறுவாரமே சாரங்கபாணி ரிலே சுவிட்சாகிவிட்டார். அயனாவரத்தில் அவர் தெரு ஆண்கள் பலரும் ஆவதுதான். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் போதுமான மின்சாரம் பாய்ந்தால் 'டக்'கென்று இழுத்துக்கொண்டு "சரி" என்பார், நின்றால் விட்டுவிடுவார். விடும்போது சுருளில் தேங்கிய கோபமெல்லாம் கேட்டவர்மேல் திரும்பிப் பாயும். மற்றபடி தங்கமான மனுஷர்.

மகள் நப்பின்னைக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கோ மெல்லிய குரல். அவள் "அப்பா" என்றால் அவருடைய சுருள் வெதுவெதுப்பாவதோடு சரி. இத்தனை வருஷமும் அவள் பேச்சை வாங்கிப் பெரிதாக்கி அவரிடம் சேர்த்தவள் அம்மா கோமளவல்லி. போன தீபாவளிக்கு ஒரு சுடிதார் விஷயமாகச் சேர்த்தபோது அம்மாவின் தோள் கருகிவிட்டது. பாவம், இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தாள்.

அதனால் இருவரும் ரிச்சி தெருவுக்குப் போய் ரெஜினாக்காவின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் அம்மாவின் வேலைக்கு ஆள் பார்த்தார்கள்.

"அப்பா எவ்ளோ இழுப்பாரு?"

"எழுபது மில்லியாம்ப்க்கா. அஞ்சு வோல்ட்டு."

முதல் ஸ்டூலில் இரட்டை டிரான்சிஸ்டர்களான டார்லிங்டன் சகோதரர்கள், ஒருவர் தோளில் ஒருவராக. முணுமுணுத்தாலே போதும், பெரிதாக்கிவிடுவார்கள். ஆனால் வழியில் ஒரு வோல்ட்டை அவர்களே சாப்பிட்டுவிடுவார்கள். அப்பாவுக்கு மிச்சம் காணாது. அடுத்தவர் மாஸ்ஃபெட். தனக்கென்று எதுவும் கேட்காத மகான், ஆனால் பட்டுப்புடவை உரசி எழும் நிலைமின்சாரத்திலேயே செத்துப்போவார்.

"நம்மாத்துல பட்டு இல்லாத நாள் ஏது" என்றாள் அம்மா.

மூலையில் ஒரு மெலிந்த டிரான்சிஸ்டர் மூன்று காலையும் ஒடுக்கி உட்கார்ந்திருந்தார். இருநூறு மில்லியாம்ப் தாங்குவாராம். அம்மாவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"தொணைக்கு ஒரு டையோடு கூட்டிட்டுப் போங்க, மின்சாரத்த ஒரு பக்கமாத்தான் விடுவாரு. அப்பா விடறப்ப கோபம் அவருக்குள்ளயே சுத்தி ஆறிடும்" என்றாள் ரெஜினாக்கா. "இன்னொண்ணு. அப்பா இழுக்கத்தான் நெறைய கரண்டு வேணும். இழுத்தப்புறம் புடிச்சிட்டிருக்கக் கொஞ்சம் போதும்."

வீட்டில் அம்மா டையோடின் வெள்ளைக் கோட்டைக் கிழக்குப் பார்க்க உட்கார வைத்தாள், பெருமாள் படத்தை வைக்கிற மாதிரி. நப்பின்னை பேசியதெல்லாம் அப்பாவைத் தொடாமல் டையோடு வழியாகவே ஓடியது. டிரான்சிஸ்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மாமி, கோடு மின்சாரம் வர்ற பக்கம் பாக்கணும்" என்றார் பணிவாக. அம்மா திருப்பி உட்கார வைத்தாள்.

"அப்பா, நான் புனே போகட்டுமா?"

'டக்.' "சரி" என்றார் சாரங்கபாணி.

சந்தோஷத்தில் நப்பின்னை பேச்சை விட்டுவிட்டுக் கைதட்டினாள். மின்சாரம் நின்றது, அப்பா விட்டார். அம்மா பழக்கத்தில் தோளைப் பொத்திக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. அப்பா, "உள்ளயே என்னமோ சுத்தி ஆறிடுத்து. காபி இருக்கா?" என்றார். அம்மா அடுப்படியில் நின்று நன்றாக அழுதுவிட்டு, டிகாக்‌ஷன் இறக்கினாள்.

கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அப்பாவின் "சரி" நிலைக்கும் என்பதால், வெள்ளியன்று பதில் எழுதிவிட்ட நப்பின்னை, கிளம்பும் நாளில் "அப்பா" என்ற சொல்லை டிரான்சிஸ்டரின் காதுகொடுக்கிற நடுக்காலில் மாட்டிவிட்டு, மிச்சச் சொற்களோடு ரயிலேறினாள்.

ஆடியில் அந்தச் சொல் தேய்ந்து அறுந்துபோகிற நிலைக்கு வந்தது. புனேயில் பக்கத்து இருக்கைக்காரி தன் அப்பாவை அழைக்கிற "பாபா"வைக் கழற்றி இரவல் கொடுத்தாள். நப்பின்னை அதைக் கூரியரில் அனுப்பினாள், பழையது அறுவதற்குள் அம்மா அதன் பக்கத்தில் மாட்டிவிட்டாள். மராத்திச் சொல்லாதலால் மின்சாரம் கொஞ்சம் குறைவாகத்தான் பாய்ந்தது.

அப்பா விடவில்லை.