ஸ்தாங்கோ, ஸ்தாங்கா

இத்தாலிக்காரனுக்குக் கதிரை பெண், மேசை ஆண். கத்தி ஆண், முள்ளுக்கரண்டி பெண். உயிரில்லாத சாமானுக்கெல்லாம் ஆண் பெண் பார்க்கிற சனம் எப்படித்தான் உருப்பட்டதோ என்று முதல் நாளே எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் படித்தேன். பலேர்மோவில் இருக்கிற என் புருசன் பரமேஸ்வரன் என்னைக் கூப்பிடப் போகிறார் என்றால், கதிரையைப் பெண் என்ன, அம்மன் என்று கும்பிடச் சொன்னாலும் கும்பிட்டிருப்பேன்.

அவர் போய் ஆறு வருசம். அங்கே மீன் சந்தையில் வேலை. போன வருசம்தான் ஒழுங்கான விசா கிடைத்தது. "ஸ்பொன்சர் அலுவல் பாக்கிறன், நீர் பாஷையைப் படியும்" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

படிப்பித்தவள் விமலேஸ்வரி. தர்மபுரத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். பலேர்மோவில் வீடுகள் துடைத்துக்கொண்டிருந்தவள், படுக்கையில் விழுந்த தாயைப் பார்க்க வந்து, திரும்பிப் போக முடியாமல் நின்றுவிட்டாள். வாய் கொஞ்சம் நீளம். ஓ-வில் முடிகிற சொல் ஆண், ஆ-வில் முடிகிற சொல் பெண், அங்கொன்று இங்கொன்று இடறும் என்று சொல்லிவிட்டு, "பிரச்சினைக்குப் புறொபிளேமா. ஆ-வில முடிஞ்சாலும் அது ஆம்பிளைதான். அதில மட்டும் அவங்கள் பிழை விடேல்ல" என்றாள். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

"சாமானை விடு, ராஜினி. உன்னைப் பற்றிச் சொல்லேக்கதான் கவனம்," என்றாள் பிறகு. "நீ களைச்சுப் போனால் ஸ்தாங்கா. உன்ர மனுசன் களைச்சுப் போனால் ஸ்தாங்கோ. மாத்திச் சொன்னால் கடைக்காரன் பல்லைக் காட்டுவான்."

தமிழில் இந்தக் கரைச்சல் இல்லை. "நான் களைச்சுப் போனன்" என்று அவரும் சொல்லலாம், நானும் சொல்லலாம். நான் என்று வந்துவிட்டால் ஆணும் பெண்ணும் எங்களுக்கு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய், கொமினிகேசன் கடையில் ரெலிபோனுக்குக் காத்திருப்பேன். அவர் அங்கேயிருந்து கோல் எடுப்பார். பலகைத் தட்டிக்குப் பின்னால் நின்று கதைக்க வேண்டும். எங்களுடைய கதையைக் கேட்பதற்கென்றே வெளியே வாங்கில் நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு விளங்காமல் இத்தாலியில் கதைத்தால் வசதி என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு முதன்முதலாக அவரிடம் "எப்பிடி இருக்கிறீங்கள்" என்று இத்தாலியில் கேட்டேன்.

"சோனோ ஸ்தாங்கா," என்றார், பெருமூச்சு விட்டபடி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்தாங்கோ எண்டெல்லோ சொல்லவேணும்? நீங்கள் ஆம்பிளையல்லோ?"

"சும்மா இரும். ஆறு வருசமா இஞ்ச இருக்கிறன், எனக்குத் தெரியாதே? இஞ்ச அப்பிடித்தான் கதைக்கிறவை."

பிறகு தன் வாயில் வருகிற வேறு சில சொல்லும் சொல்லித் தந்தார். புருசன் சொன்னால் வேதம். அதோடு, விமலேஸ்வரியை ஒரு பிடி பிடிக்க இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது. நேரே அவளுடைய வளவுக்குப் போனேன். கிணற்றடியில் தாயின் படுக்கை விரிப்பைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். "நீ படிப்பிச்சது பிழையாம். அவர் ஸ்தாங்கா எண்டுதான் சொல்லுறார்," என்றேன்.

அவள் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. "வேற என்ன சொல்லுறவர்?" என்று கேட்டாள்.

நானும் பெருமையாகச் சொன்னேன். நான் வெளிக்கிட்டிட்டன் என்பதற்குப் புறொந்தா. நான் தனிய இருக்கிறன் என்பதற்குச் சோலா.

"மீன் புதுசெண்டால்?"

"பெஷே ஃபிறெஸ்கோ."

"அதை ஓ-வில சரியாத்தானே சொல்லுறார்," என்றாள். விரிப்பைப் பிழிந்து முடித்த பிறகும் பிழிந்துகொண்டு நின்றாள். "சந்தையில படிச்ச சொல்லு எல்லாம் சரி. தன்னைப் பற்றிச் சொல்லுறதுதான் எல்லாம் ஆ-வில முடியுது. அதை அவர் சந்தையில படிக்கேல்ல, ராஜினி. அங்க ஆம்பிளையள் ஸ்தாங்கோ எண்டுதான் சொல்லுவினம். ஒரு பொம்பிளை சொல்லச் சொல்லக் கேட்டு, அதை அப்பிடியே பிடிச்சிருக்கிறார்."

"கூட வேலை செய்யிற ஆரும் பொம்பிளையா இருக்கும்."

"நான் களைச்சுப் போனன், நான் தனிய இருக்கிறன். இதுகளை ஒருத்தி ஆருக்குச் சொல்லுவாள்? வேலையால வந்து சப்பாத்தைக் கழட்டேக்க வீட்டில நிக்கிறவனுக்குத்தான் சொல்லுவாள்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. "உன்னால போகேலாது எண்டு நானும் போகக் கூடாதோ? எரிச்சல் பிடிச்சவள்," என்று அவளுடைய முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் விரிப்பைக் கொடியில் போட்டாள். அவள் திருப்பிப் பேசியிருந்தால் அன்றைக்கு எனக்கு நித்திரை வந்திருக்கும்.

அந்தக் கிழமை முழுக்க அந்தச் சொற்களோடுதான் கிடந்தேன். தமிழை யாரிடம் படித்துவிட்டு வந்து "நான்" என்றாலும் கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. இத்தாலி அப்படியில்லை. கோள்மூட்டிப் பாஷை அது.

அடுத்த ஞாயிறு சுற்றி வளைத்துத்தான் தொடங்கினேன். "இஞ்சேருங்கோ, உங்களோட வேலை செய்யிற பொம்பிளையளிட்ட எனக்கும் ஒரு வேலை கேட்டுப் பாருங்கோவன்."

"பொம்பிளையளோ? சந்தையில முழுக்க ஆம்பிளையள். ஒரு பொம்பிளையையும் எனக்குத் தெரியாது," என்றார் வெடுக்கென்று. நல்ல பிள்ளை என்று காட்டத்தான் அப்படிச் சொன்னார். பாவம், இருந்த ஒரே வாசலையும் தானே சாத்திக்கொண்டார்.

"அப்ப வீட்டில இருக்கிற அவா ஆர்?"

அவா என்றுதான் வந்தது. அவள் என்று சொல்ல எவ்வளவோ விருப்பம், வாய் வளையவில்லை. எங்களுக்குப் பழக்கிவிட்ட மரியாதையை நெருப்பில் போடவேண்டும்.

மெதுவாக, "ஆர் உமக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

குற்றமில்லாதவன் என்றால் "எந்த அவா?" என்று கேட்டிருப்பான்.

"நீங்கள்தான்," என்றேன். "போன கிழமை. ஸ்தாங்கா எண்டு."

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. தட்டிக்கு வெளியே நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, என் புருசனுக்கு நான் இலக்கணம் படிப்பித்தேன். ஆம்பிளை களைத்தால் ஓ, பொம்பிளை களைத்தால் ஆ. கடைசிவரை கேட்டார். ஒரு பொய்யாவது சொல்லுவார் என்று நின்றேன். சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பேன்.

"ஸ்பொன்சர் அலுவல் கொஞ்சம் பிந்தும், ராஜினி," என்றார். அவ்வளவுதான்.

பிறகு வந்த ஞாயிறுகளில் நான் கிளிநொச்சிக்குப் போகவில்லை. அவர் எடுத்தாரோ தெரியாது. விமலேஸ்வரியிடம் மட்டும் போய், "நீ சொன்னது சரி" என்றேன். அவள் என்னுடைய கையைப் பிடித்தாள். நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆவணியில் சமாதானம் முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியது. வன்னியை விட்டுக் கொழும்புக்குப் போகிற பாதையைப் பூட்டினார்கள். ஊரில் யாரைக் கண்டாலும், "அநியாயம், பாதை பூட்டாட்டி நீ இப்ப பலேர்மோவில நிண்டிருப்பாய்" என்று எனக்காக உச்சுக்கொட்டினார்கள். "ஓம், என்ன செய்யிறது, பாதையைப் பூட்டிப்போட்டாங்கள்," என்று நானும் தலையாட்டினேன். அந்த ஆவணியில் வீட்டுக்கு வீடு அழுதார்கள். நானும் அதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.