இரண்டு வீட்டுச் சோறு

“எனக்குப் பசிக்குது அண்ணி. சோறு போடுங்க.”

வீரம்மா கேட்டே விட்டாள். புருஷன் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று கலியாணத்தன்று அவள் அம்மா சொல்லி அனுப்பியது இந்த ஒன்றைத்தான். சேலை கேட்கலாம், வளையல் கேட்கலாம், பிறந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். கட்டினவன் சாப்பிடாமல் இருக்கும்போது தனக்குப் பசி என்று மட்டும் ஒருத்தி வாய் திறக்கக்கூடாது.

கிள்ளான் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் அடுப்படியில் இராஜம்மா இறால் தொக்கைக் கிளறிக்கொண்டிருந்தாள். வீரம்மாவின் புருஷன் கன்னையாவுக்கு அக்கா அவள். கரண்டி சட்டியிலேயே நின்றுவிட்டது.

“தம்பி இன்னும் வரலையேடி.”

“ஆமா, வரலை. எனக்குப் பசிக்குது.”

“காப்பி போட்டுத் தரட்டா?”

“காலையிலேர்ந்து காப்பிதான் குடிக்கிறேன் அண்ணி. உள்ள இருக்கிறது காப்பி கேக்கலை.”

ஐந்து மாதம் அவளுக்கு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் லீவுக்குக் குடும்பம் முழுக்க இராஜம்மா வீட்டில் கூடிச் சாப்பிட்டுவிட்டு, மழை விட்டால் கடற்கரைப் பக்கம் போய் வருவது வழக்கம். ஆபீசுக்கு லீவு உண்டு, ரயிலுக்கு ஏது? இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் கன்னையா. விடியுமுன்பே கூட்ஸ் வண்டியோடு துறைமுகத்துக்குப் போனவன், திரும்பும் வழியில் கிள்ளானில் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. வீரம்மா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ரயில்வே குவாட்டர்ஸைப் பூட்டிக்கொண்டு காலை வண்டியில் தனியாக வந்து சேர்ந்தாள். மத்தியானம் சாய்ந்தாயிற்று, அவனைக் காணோம். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியிருக்கும். கோலாலம்பூர்க்காரர்களுக்குக் குளிர்காலம் என்று ஒன்று இருந்தால் அது இந்த டிசம்பர் மழைதான். துணி காயாது, விறகு பிடிக்காது, ரயில் சொன்ன நேரத்துக்கு வராது.

முன்னறையில் சீட்டாடிக்கொண்டிருந்த இராஜம்மாவின் புருஷன் இராமலிங்கம் குரல் கொடுத்தார். “இராஜம்! கொடல் கத்துது. எதையாச்சும் குடுத்தனுப்பு!”

இராஜம்மா மறுபேச்சில்லாமல் ஒரு தட்டு நிறைய வடையை அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வீரம்மா அந்தத் தட்டு போனதையும் பார்த்தாள், வெறும் கையோடு அண்ணி திரும்பியதையும் பார்த்தாள்.

“கோவிச்சுக்காதே வீரம்மா. செத்த நேரம் பொறு. இன்னிக்குத்தான் அவன் பாவம், வெறும் வயித்தோட வரான். மத்த நாள்னா நானே சொல்லியிருப்பேன்.”

“மத்த நாளுக்கு என்ன?”

“மத்த நாள் போறப்பவே இங்க ஒரு வெட்டு வெட்டிட்டுத்தானே போவான்? பெட்டி மாத்த வண்டியை ஷண்டிங்குக்கு நிறுத்தினா போதும், வேலிக்குள்ள பூந்து ஓடியாந்துடுவான். கையில கரி, மூஞ்சியில கரி. ‘அக்கா, சோறு’ம்பான். இன்னிக்கு விடியக்காலை வண்டிங்கிறதால...” இராஜம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். “ஏன்டி, உங்கிட்ட சொன்னதில்லையா?”

சொன்னதில்லை.

கிள்ளான் டூட்டி நாட்களில் வீரம்மா முற்பகலிலேயே சமையலை முடித்து மூடி வைத்துவிடுவாள். பிறகு வாசற்படியில் உட்காருவாள். ஒவ்வொரு வண்டியாக ஊதிக்கொண்டு போகும். கன்னையா வந்து, குளித்து, இரண்டு கை சோற்றோடு எழுந்துவிடுவான். “அலுப்பு புள்ள” என்பான். தன் கை மணம்தான் சரியில்லையோ என்று அவள் புளியைக் குறைத்துப் பார்த்தாள், மசாலையை இன்னும் நைஸாக அரைத்துப் பார்த்தாள், பாசார் சந்தையில் போய் அவனுக்குப் பிடித்த திருக்கை மீனாகத் தேடினாள். அவன் மிச்சம் வைத்த தட்டிலேயே தன் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடும்போது மணி என்ன என்று அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவனைச் சொல்வானேன்? குவாட்டர்ஸ் குழாயடியில், “எங்க வீட்டுக்காரர் வராம எனக்குத் தொண்டையில இறங்காது” என்று அவளும்தான் பெருமை பேசியிருக்கிறாள். நல்லாவே இறங்கியிருக்கும். பசிக்குச் சோறு இறங்காத தொண்டை எங்கே இருக்கிறது?

இராஜம்மா பேச்சை மாற்றுகிறேன் என்று இன்னும் ஆழமாகப் போய் விழுந்தாள். “போன டிசம்பர்ல பாரு, இதே மழை. லைன்ல மண்ணு சரிஞ்சு இஞ்சின் இங்கயே நின்னு போச்சு. மத்தியானமும் தின்னான், பொழுது சாயறப்பவும் தின்னான். கருவாட்டுக் குழம்பு. ‘வீரம்மாவுக்கு இந்தப் பக்குவம் வராதுக்கா’ன்னு...”

அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன டிசம்பரில் மண் சரிந்த அந்த நாளில்தான், இருட்டும் வரைக்கும் வாசலில் காத்திருந்த வீரம்மா, குடத்தோடு குழாயடிக்குப் போனாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிமெண்டுப் படியில் வயிறு அடிபட விழுந்தாள். அப்போதும் மாசமாய் இருந்தாள், நாலாம் மாதம். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து போட்ட டிரஸ்ஸர், “கடைசியா எப்பம்மா சாப்பிட்டே?” என்று கேட்டார். மாசமாய் இருப்பவள் வயிற்றைக் காயப் போடக்கூடாது என்று அவர் திட்டினார். கன்னையா கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “நானும் காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை புள்ள” என்றான்.

அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் இந்த ஒரு வருஷத்தை ஓட்டினாள். பிள்ளை போனது விதி. இரண்டு பேரும் ஒன்றாகத்தானே பட்டினி கிடந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். அன்று மூடி வைத்த சோற்றில் ஒரு பிடி தின்றிருந்தால்? இதை நினைக்காத நாளில்லை. நினைக்கும்போதெல்லாம், அவரும்தான் தின்னாமல் இருந்தார் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வீரம்மா எழுந்தாள். அலமாரியிலிருந்து பீங்கான் மங்குத் தட்டு ஒன்றை எடுத்தாள். பானையிலிருந்து தானே சோறு போட்டுக்கொண்டாள். இறால் தொக்கையும் எடுத்து மேலே விட்டுக்கொண்டாள். இராஜம்மா தடுக்கவில்லை, தண்ணீர்ச் செம்பை மட்டும் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கன்னையா பின்வாசல் வழியாக நனைந்துகொண்டு வந்தான். புருஷன் உள்ளே வந்தால் எழுந்திருக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

“அடடே, பந்தி நமக்கு முந்தியே ஆரம்பிச்சாச்சா?” என்று சிரித்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

“ஏங்க,” என்றாள் வீரம்மா, மங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், “போன டிசம்பர்ல கருவாட்டுக் குழம்பு நல்லா இருந்துச்சா?”

அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் கரிக்கோடாக ஓடியது.

“அக்கா, நீ ஏன் இதையெல்லாம்...”

“அவங்களை ஏன் கேக்குறீங்க? சோறு போட்டவங்க அவங்க. மறைச்சது நீங்க.”

“மறைக்கணும்னு இல்ல புள்ள.” அவன் குந்தி உட்கார்ந்தான். “நீ சமைச்சு வச்சுட்டு உக்காந்திருக்கே. நான் வயிறு ரொம்பிடுச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்? உன் மனசு கஷ்டப்படாதா? அதுக்குத்தானே திரும்பவும் உக்காந்து ரெண்டு வாய் தின்னேன்.”

“போறப்ப ஒரு வார்த்தை. ‘வீரம்மா, நீ தின்னுடு’ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூடச் சொல்லலையே.”

அவன் கரி படிந்த தன் கையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “கரி போடறப்ப நெருப்பு மூஞ்சியில அடிக்கும். அப்ப, எனக்காக வீட்டுல ஒருத்தி தின்னாம உக்காந்திருக்கான்னு நெனச்சா நல்லா இருக்கும் புள்ள. அதான்.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. திட்டியிருந்தால், கை ஓங்கியிருந்தால், சுலபமாக இருந்திருக்கும். அவன் கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். இந்த ஆளோடு நன்றாகவே வாழ்ந்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

“ஆஸ்பத்திரியில பச்சைத் தண்ணி குடிக்கலைன்னீங்க.”

“அப்ப வாயில வந்துடுச்சு. என்னால தாங்க முடியலை.” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “இனிமே இல்ல. அக்கா மேல சத்தியம். கிள்ளானுக்கு வந்தா இந்த வீட்டுப் பக்கமே திரும்ப மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் பட்டினியோடவே வந்து உன் கையால சாப்பிடுறேன். போதுமா?”

“அதான் சொல்லிட்டானேடி,” என்றாள் இராஜம்மா, அழுதபடி.

வீரம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப நானு?”

“நீ என்ன?”

“நான் என்ன செய்யணும்?”

“நீ எப்பவும் போல இரு புள்ள. உம்மேல ஒரு குத்தமும் இல்லியே. மாற வேண்டியவன் நான்தானே?”

மனதாரச் சொன்னான். உலகத்திலேயே பெரிய நியாயத்தைச் சொல்லிவிட்டவன் போல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். இனிமேல் அவன் இஞ்சினில் பட்டினி கிடப்பான், அவள் வாசற்படியில் பட்டினி கிடப்பாள். வயிற்றுக்குள் இருப்பதும் சேர்ந்து கிடக்கும். அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்க எத்தனை மழைக்காலம் ஆகுமோ, இந்தப் பிள்ளைக்கு இருப்பது நாலே மாதம்.

அவள் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். சுவரோரம் இருந்த துணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

“எங்க புள்ள? இந்த மழையில?”

“சாலாக் செலாத்தானுக்கு. அம்மா வீட்டுக்கு. பிள்ளை பொறக்கிற வரைக்கும் அங்கதான்.”

“தனியாவா வந்தேன்னு உங்கம்மா திட்டுவாங்க.”

“திட்டட்டும். சோத்தைப் போட்டுட்டுத் திட்டுவாங்க.”

“பொறந்தப்புறம் வந்துடுவேல்ல?”

வருவேன் என்று பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. “அண்ணி, வரேன்” என்று இராஜம்மாவிடம் மட்டும் சொன்னாள். முன்னறையில் சீட்டை இறக்கி வைத்துவிட்டு இராமலிங்கம் வாயைத் திறந்தார்; அவள் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரைக் கடந்து வாசலில் இறங்கி, ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடந்தாள்.