பூட்டிய வீடு, ஆளில்லை

1

வாசகரே, வாருங்கள்; சாட்சிக் கூண்டில் ஏறுங்கள். நாற்பத்தேழு வீடுகள் கொண்ட ஒரு தெருவையே காகிதத்தில் காலி செய்துவிட்டார்கள்!

இக்கதையின் பிறப்பை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மேடைப் பேச்சுக்காக மாவட்ட விவரக் கையேடு ஒன்றைப் புரட்டினேன். மக்கள்தொகை, தொழில், பள்ளி என்று வரிசையாகக் கட்டங்கள். ஒரு தெருவுக்கான கட்டத்தில், ‘பள்ளி வயதுப் பிள்ளைகள்: 4’. அந்த நாலைத் தாண்டி அடுத்த பக்கம் புரட்ட முடியவில்லை.

2

தொடக்கம்: ‘அநீதியின் கோட்டையிலே ஆணவம் கொடியேற்றிய…’

(வேண்டாம். இது கைதட்டல் வாங்கும். கதைக்குள் ஒரு மனுஷியை உட்கார வைக்காது.)

மறுபடி: அவள் புள்ளிவிவர அலுவலகத்துத் தட்டச்சுக்காரி. அப்படி ஒரு கையேட்டை அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. அவள் தெரு, அவள் கதவு எண். எதிரே, ‘பூட்டிய வீடு, ஆளில்லை.’ பக்கத்தின் அடியில் பரிந்துரை: பிள்ளைகள் முப்பதுக்குக் குறைவு, தெருப் பள்ளியை மூடலாம். அவள் மகள் இரண்டாம் வகுப்பு படிப்பது அங்கேதான். அடுத்த பள்ளி நெடுஞ்சாலைக்கு அப்பால்.

கண்காணிப்பாளரிடம் போனாள்.

“சார், எங்க வீட்டுல ஆளே இல்லைன்னு போட்டிருக்கு.”

“கணக்கெடுக்க வந்தப்போ பூட்டியிருந்துச்சா, இல்லையா?”

“பகல் பத்து மணிக்கு வந்தா பூட்டித்தான் இருக்கும். நான் இங்க, உங்க எதிர்லதானே சார் உட்கார்ந்திருந்தேன்!”

உழைக்கப் போனவர்கள் வீட்டில் இல்லை. ஆகவே ‘இத்தெருவில் உழைப்போர் குறைவு’ என்றது கையேடு. பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். ஆகவே பள்ளிக்குப் பிள்ளைகள் இல்லை!*

* அந்த நாலு பேர், அன்று காய்ச்சலில் படுத்திருந்தவர்கள். பள்ளி வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்பீர்கள். அது வேறு துறையாம், எதிர் அறை.

3

கண்காணிப்பாளரைக் கொடியவராகப் படைக்கவே நினைத்தேன். மீசையை முறுக்கியபடி அவர்… (விட்டுவிட்டேன். மனிதர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், ஒத்துழைக்க மறுக்கிறார்.)

“நாற்பத்து நாலாம் பக்கம் பாருங்க சார்.”

பார்த்தார். அவருடைய கதவு எண். பூட்டிய வீடு, ஆளில்லை.

“இருபது வருஷமா இந்த ஆபீஸ்லதான்மா இருக்கேன்,” என்றார், யாரிடமோ முறையிடுவது போல. பிறகு குரல் மாறியது. “நாளைக்கு மத்தியானம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள பேர், வயசு, கையெழுத்தோட கொண்டு வா. பக்கத்தை மாத்தறது என் பொறுப்பு.”

4

மாலை ஆறு மணிக்குக் கதவு தட்டப் புறப்பட்டாள். முதலில் பேருந்து ஓட்டுநர் வீடு.

“என்ன தங்கச்சி, ஆள் எண்ண வந்தியா? நான் ஒரு ஆளான்னு முதல்ல உங்க அண்ணிகிட்ட கேட்டுக்க.”

“அரை ஆள்னு எழுதிக்கம்மா!” என்றது அடுப்படி.

சிரித்துக்கொண்டே தம் மூன்று பிள்ளைகளுக்கும் கையெழுத்துப் போட்டார் ஓட்டுநர்.

நாற்பத்தாறு வீடுகள் முடிந்தன. தன் மகளையும் சேர்த்து இருபத்தொன்பது பிள்ளைகள்; முப்பதுக்கு ஒன்று குறைவு. ஒரு கதவு பாக்கி.

5

(முடிவு ஒன்று: பள்ளி மணி ஒலிக்கிறது. முடிவு இரண்டு: பள்ளிக்குப் பூட்டு. இரண்டையும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். தீர்ப்பெழுத நான் யார்?)

அவள் அந்தக் கடைசிக் கதவின் முன் நிற்கிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. வாசலில் ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு. தட்டுகிறாள்.

வாசகரே, அது உங்கள் கதவு. சாட்சிக் கூண்டிலிருந்து இறங்குங்கள். போய்த் திறவுங்கள். பிள்ளையின் பெயரைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள், கையெழுத்திடுங்கள்!