வலது காதில் ஆந்தை

...தண்ணீர் ஆந்தையின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, இப்போதுகூடக் குடித்தாள், மடக்கென்று தொண்டையில் இறங்கியதை என் வலது காது கேட்டது, அப்புறம் பாட்டிலை மேசையில் வைத்த சத்தம், டொக்... அப்படியிருந்தும் இன்னும் கொஞ்ச நேரத்தில் "தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போவாள், போவாளா, போகத்தான் வேண்டும், போகாவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும். ஆந்தை என்றால் நிஜ ஆந்தை இல்லை, யாரோ ஒரு பெண், தன் முகத்தைக் காட்டாமல், தான் தலையாட்டினால் தலையாட்டுகிற, வாயசைத்தால் வாயசைக்கிற ஒரு ஆந்தைப் படத்தைத் திரையில் உட்காரவைத்துவிட்டு நேரலையில் விளையாடிக்கொண்டே பேசுகிறவள். நரியும் அதே ஜாதிதான், படம் மட்டும் செந்நரி, பாட்டுக்காரி. இடது காதில் நரி, மகள் விட்டுப்போன பழைய டேப்லெட்டிலிருந்து, வலது காதில் ஆந்தை, என் செல்போனிலிருந்து, நடுவே நானும் இஸ்திரிப் பெட்டியும் ஞாயிற்றுக்கிழமைத் துணி மலையும். கணவர் உள்ளே குறட்டையில் இருக்கிறார், சோபாவில் நாத்தனார் அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள், அவருடைய அக்கா, என் மகளை வளர்த்தவள், அதை அவளும் மறக்கமாட்டாள், என்னையும் மறக்கவிடமாட்டாள்...

சட்டைக் காலரில் கவனம், போன வாரம் இதே மாதிரி நரியின் பாட்டில் சொக்கிப்போய் ஒரு காலரைத் தீய்த்தாயிற்று. இவர்கள் இருவருக்குமான இணைய ரசிகர் குழுவில் என் பெயரே இஸ்திரிப்பெட்டிதான், வைத்தது நானாக இருந்தாலும் வைக்கவைத்தவன் கணக்குப்புலி என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன், "போய் இஸ்திரி போடுங்க ஆன்ட்டி, இதெல்லாம் உங்களுக்குப் புரியாது" என்று எல்லார் முன்னாலும் எழுதினான், சரிடா ராஜா, போடுகிறேன், உன்னையும் சேர்த்துப் போடுகிறேன் என்று அன்றைக்கே பெயரை மாற்றிக்கொண்டேன். அவன் யாரோ எவனோ, எந்த ஊரோ, ஆனால் குழுவில் அவன் வைத்ததுதான் சட்டம், ஏனென்றால் அவனிடம் பார்வையாளர் கணக்கின் கோட்டுப் படம் இருக்கிறது, மேலே ஏறுகிற கோடு நரி, கீழே விழுகிற கோடு ஆந்தை, நரி பாட ஆரம்பித்ததும் ஆந்தையின் கூட்டம் பாதியாகச் சரிகிறது, பாருங்கள், நரி ஆளைத் திருடுகிறாள், ஆந்தை கடுப்பில் எழுந்து போகிறாள், இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. இன்று நரி தன் சொந்தப் பாட்டை முதல் முதலாக வெளியிடுகிறாள், அதே நேரத்தில் ஆந்தையும் நேரலை வைத்திருக்கிறாள், பார்த்தீர்களா, வேண்டுமென்றே போட்டிக்கு நிற்கிறாள் என்று குழுவே கொதிக்கிறது. நான் மட்டும் ஒற்றைக்காலில் நிற்கிறேன், இல்லை, கூட்டம் சரிந்த பிறகு அவள் எழுந்து போகவில்லை, அவள் எழுந்து போன பிறகுதான் கூட்டம் சரிகிறது, பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்பாக எழுகிறாள், பக்கத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போகிறாள், அது கடுப்பு இல்லை, வழிவிடுவது, போங்கள், போய் அவளைக் கேளுங்கள் என்று நம்மை அனுப்பிவைப்பது. சிரித்தார்கள், அழுகிற பொம்மை, சிரிக்கிற பொம்மை எல்லாம் போட்டுச் சிரித்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் செய்வாள், செய்யாவிட்டால் குழுவைவிட்டே போய்விடுகிறேன் என்று நேற்று எழுதித் தொலைத்தேன். போய் எங்கே போவது, நான் சொல்வதை நாலு பேர் நின்று படிக்கிற இடம் அது ஒன்றுதானே எனக்கு, சண்டைக்காகவாவது படிக்கிறார்கள்...

"அந்தப் பொம்மைக்காரிங்க சண்டை இன்னும் தீரலையா?" நாத்தனார் ஊசியில் நூல் கோர்த்தபடியே கேட்கிறாள், சண்டையே இல்லை அண்ணி என்று சொல்ல வாயெடுத்து, எதற்கு, இவளுக்கு விளக்கிக்கொண்டு, "தீர்ந்துரும் அண்ணி, இன்னைக்குத் தீர்ந்துரும்" என்கிறேன். காது மருத்துவமனையில் எனக்கு வேலையே இதுதான், கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்பது, கேட்காமலே தூக்குகிறவர்கள் உண்டு, கேட்டும் தூக்காதவர்கள் உண்டு, பென்ஷன்காரர் ஒருவர் மனைவியின் குரல் மட்டும் கேட்கவில்லை என்று சான்றிதழ் கேட்டார். பாசாங்கு எனக்கு அத்துப்படி. கோடு போடுகிறவனுக்கு எத்தனை பேர் போனார்கள் என்று தெரியும், ஏன் போனார்கள் என்று தெரியுமா... இரு, இரு, இடது காதில் நரி தொண்டையைச் செருமுகிறாள், "பயமா இருக்குங்க, தப்பா பாடினா மன்னிச்சுருங்க" என்கிறாள், வலது காதில் ஆந்தை இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறாள், சளசளவென்று பேச்சு, எழுந்திருடி, எழுந்திருடி கண்ணு, என் மானத்தை வாங்கிவிடாதே, இந்தத் தலையணை உறை வேறு மடிந்தே தொலைய மாட்டேன் என்கிறது, கணக்குப்புலி குழுவில் எழுதுகிறான், "ஆன்ட்டி, மூட்டை கட்டியாச்சா?"...

"சரி, நான் போய்த் தண்ணி எடுத்துட்டு வரேன்!" என்கிறாள் ஆந்தை.

எழுந்தாளே! நாற்காலி நகர்ந்தது, திரையில் ஆந்தை தலை சாய்ந்து அப்படியே நின்றது, முன்னால் ஆள் இல்லாவிட்டால் அந்தப் படம் அப்படித்தான் நிற்கும், இடது காதில் பாட்டு தொடங்கியது, நான் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டேன், இனிமேல் எந்தக் காலரும் எனக்கு முக்கியமில்லை. ஆனால் வலது காது, வலது காதில் என்ன அது, மைக்கை அணைக்க மறந்துவிட்டாள் பெண், காலிப் படத்துக்குப் பின்னால், தூரத்தில், அதே பாட்டு, நரியின் பாட்டு அவள் அறையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குமேல் மெல்லிசாக ஒரு முணுமுணுப்பு, ஆந்தை கூடவே பாடுகிறாள்... கூடவே இல்லை, முன்னாலேயே! நரி அடுத்த வரிக்கு மூச்செடுக்கும்போதே இவள் அந்த வரியைத் தொடங்கிவிடுகிறாள், இன்றைக்குத்தானே உலகத்துக்கே வருகிறது இந்தப் பாட்டு, இவளுக்கு எப்படி மனப்பாடம்? அவசர அவசரமாகத் தட்டினேன், எழுத்துப்பிழையோடு, "ஆந்தை பக்கம் போய்ச் சத்ததைக் கூட்டி வைங்க, அடுத்த வரியை யார் முதல்ல பாடறாங்கனு கேளுங்க." குழு கொட்டித் தீர்த்தது, ஐயோ, ஆமா, கேக்குது, எனக்கு அழுகை வருது, இஸ்திரிப்பெட்டி வாழ்க, அக்கா நீங்க தெய்வம்... ஒரே நிமிடத்தில் ஆன்ட்டி அக்காவாகிவிட்டேன், பார்த்தாயா! பாட்டு முடிந்து நரி மூச்சு வாங்க, "பக்கத்து வீட்டு ஆந்தைக்கு நன்றி, நான் பாடறப்பல்லாம் தண்ணி குடிக்கிறேன்னு உங்களை இங்க அனுப்பறா, இந்தப் பாட்டை முதல்ல கேட்டதே அவதான்" என்றாள், தானாகவே, யாரும் கேட்காமலே. கணக்குப்புலி ஒரே ஒரு வரி எழுதினான், "அக்கா, என் கோடு தப்பு." நான் அந்தக் கூடத்தின் நடுவில் தலையணை உறையைக் கொடி மாதிரி தூக்கி ஆட்டினேன், ஆமாம், ஆட்டினேன், இந்த வயதில், எனக்குத் தலைகால் புரியவில்லை, "ஜெயிச்சுட்டேன் அண்ணி!" நாத்தனார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தாள், "நல்லது, அந்தப் பெட்டியை முதல்ல அணை."

அப்போதுதான் செல்போனில் மகள் அழைத்தாள். வாராவாரம் இந்த நேரத்துக்குத்தான், ஆந்தை திரையிலிருந்து மறைந்து மகளின் பெயர் வந்தது, பாதிப் பொத்தானில் ஊசி தொங்கத் தொங்கச் சட்டையைச் சோபாவில் வைத்துவிட்டு நாத்தனார் எழுந்தாள், அதுவும் வாராவாரம்தான், என் மகள் என்னோடு பேசுவதைப் பார்க்கப் பொறுக்காது இவளுக்கு, முதலில் தன்னைக் கூப்பிடவில்லை என்ற முறுக்கு, போகட்டும்... "மாடியில துணி கெடக்கு, எடுத்துட்டு வரேன்" என்று படியேறினாள். "அம்மா, என்ன இப்படிச் சிரிக்கிறே? லாட்டரி அடிச்சுதா?" மகள் கேட்கிறாள், அதைவிடப் பெரிசுடி, இரு சொல்கிறேன், என்று மேசையில் கை ஊன்றினேன், கைக்கடியில் சூடாகத் துணி. மாடித் துணி. காலையில் நாத்தனாரே எடுத்துவந்து இந்த மேசையில் குவித்தது, கடைசிக் கைக்குட்டை வரை நானே தேய்த்து அடுக்கியது, மாடியில் ஒரு துணியும் இல்லை.

கோடு போட்டவன் அவன் ஒருத்தன்தானா? நானும்தானே போட்டிருக்கிறேன், என் கோடு ஏறும்போதெல்லாம் அவள் கோடு கடுப்பில் விழுவதாக, எத்தனை ஞாயிற்றுக்கிழமை... போன வாரம் என்ன சொல்லிப் போனாள், பால்காரருக்குப் பாத்திரம் வைக்க வேண்டும் என்றாள், பால்காரர் வருவது விடியற்காலையில், எனக்குத் தெரியாதா... மகள் வழக்கம்போல் கேட்கிறாள், "அத்தை எங்கம்மா?" வேலையா இருக்காங்க என்பதுதான் என் வழக்கமான பதில், நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாடிக் கதவு திறந்தால் வீடே கிறீச்சிடும், உள்ளே தூங்குகிறவர்கூடப் புரண்டு படுப்பார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கிறீச்சிடவில்லை. காலடி பாதிப் படியில் நின்றுவிட்டது, அங்கிருந்து மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. காதிலிருந்த இரண்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மகளின் குரலை ஸ்பீக்கரில் போட்டு, போனைப் படிக்கட்டுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன், "இன்னொரு தடவை கேளுடி," என்றேன், "சத்தமா கேளு."