யோகலட்சுமி வீட்டில் மட்டும் திறக்காத பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் போன இடத்தில் என் தலையில் வந்து விழுந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை. எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1999-ஆம் ஆண்டு, பினாங்குத் தீவின் கிரீன் லேனில், மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை...’ சே! அடித்துவிட்டேன். அன்றைக்கு ஏது சூரியன்? மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

அடுத்து: ‘யோகலட்சுமி ஏமாந்துபோனார்.’ இதையும் அடித்தேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

மூன்றாவது: “ரீத்தா, கம்ப்யூட்டர் ரோசாக் லா. கொஞ்சம் வந்து பாரேன்.”

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன். (ரோசாக் என்றால் கெட்டுப்போனது; ‘லா’ எங்கள் பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்ளும் வால். எங்கள் ஊரில் காரும் ரோசாக் ஆகும், கல்யாணமும் ரோசாக் ஆகும்.)

2

ரீத்தா நான்தான். பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவள். எங்கள் வரிசையில் முதலில் இன்டர்நெட் போட்டது என் வீடு. அதனால் யார் வீட்டில் எது திறக்காவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கூப்பிட்ட யோகலட்சுமி அக்கா பக்கத்து வீடு. அவர் கணவர் கதிர்காமநாதன், ஓய்வுபெற்ற தலைமைக் கிளார்க், யாழ்ப்பாணத்து வம்சம் என்பதை மூச்சுக்கு மூச்சு சொல்லுகிறவர். ஒரே மகள் சந்திரிகா, ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வேலை. அங்கேயே அர்ஜுனன் என்ற இன்ஜினியரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையனின் அப்பா அம்மா புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர்கள். அது போதாதா? அன்று கதிர்காமநாதன் கத்தியது என் அடுப்படி வரை கேட்டது.

“அந்தக் கல்யாணத்துக்கு யார் போனாலும் திரும்ப இந்த வாசல மிதிக்கக் கூடாது!”

(என் தாத்தாவும் பால்மரம் வெட்டியவர்தான். இங்கே கொதித்துப்போய் ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். கதை என்னைப் பற்றியது அல்ல.)

அக்கா போகவில்லை. கல்யாணத்தன்று வீட்டிலிருந்த ஜன்னல் திரையெல்லாம் கழற்றித் துவைத்தார். துவைத்ததையே திரும்பவும் துவைத்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

மகள் போன் பண்ணியிருக்கிறாள். கல்யாணப் படமெல்லாம் தன் இணையப் பக்கத்தில் போட்டிருப்பதாக, அம்மா பார்க்க வேண்டுமென்று. அவள் விட்டுப்போன கம்ப்யூட்டர்தான். அக்கா முகவரியைத் தட்டினால் படத்துக்குப் பதில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது: ‘பார்க்க அனுமதி இல்லை. பாஸ்வேர்டு?’

“அண்ணன் என்னக்கா சொல்றாரு?”

“ஆஸ்திரேலியாக்காரன் மூடிட்டானாம் லா.”

“எத? ஆஸ்திரேலியாவையா?”

“விளையாடாத ரீத்தா. அவ பக்கத்த.”

போன் லைனைப் பார்த்தேன், மோடத்தைப் பார்த்தேன். வேறு பக்கங்கள் எல்லாம் ஜோராகத் திறந்தன. இந்த ஒன்றுதான் அடம் பிடித்தது. அப்போது சுரீரென்று உறைத்தது. பிள்ளைகள் கண்டதைப் பார்த்துவிடக் கூடாதென்று பெற்றோர் போடுகிற பூட்டு இது. தானாக விழாது, யாராவது போட வேண்டும். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் மவுஸைத் தொடவே பயப்படுவார். மற்றவர் ஓய்வுபெற்றவர்களுக்கான கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வருகிறவர். அவர் அந்நேரம் மார்க்கெட் ஸ்திரீட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார்.

கோபம்தான் போலிருக்கிறது, மகள் முகத்தைக்கூடப் பார்க்க விடமாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். வாசகரே, நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்?

4

பூட்டை உடைக்க எனக்குத் தெரியாது. “என் வீட்டுல தொறக்குதான்னு பாத்துட்டு வரேங்கா” என்று ஓடிவந்தேன். முகவரியைத் தட்டினேன். திறந்துகொண்டது!

அந்தக் காலத்துப் படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். முதலில் பந்தலின் காகிதப் பூ. பிறகு மாப்பிள்ளையின் தலைப்பாகை. அதற்குப் பக்கத்தில் ஒரு வழுக்கை. வழுக்கைக்குக் கீழே விபூதிப் பட்டை.

அந்த வழுக்கையை நான் தினமும் வேலிக்கு மேலே பார்க்கிறேன்.

மாதாவே! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடியும் இறங்கிவந்தது, அதே கறுப்புச் சட்டம். அடப்பாவி மனுஷா, ஊரையே கூட்டிக் கத்திவிட்டு நீ மட்டும் போய் நிற்கிறாயா?

அவர் பக்கத்தில் பூ வைத்த ஒரு தலை. பெண். நெற்றி, பொட்டு.

இந்துக் கல்யாணம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தாரை வார்க்கும்போது அப்பா மகளின் கையைப் பிடித்துக் கொடுப்பார். பக்கத்தில் நின்று செம்புத் தண்ணீரை ஊற்றுவது அம்மா. அம்மாதான் இங்கே திரை துவைத்துக்கொண்டிருந்தாரே! அப்படியானால் இந்த நெற்றி யாருடையது?

“ரீத்தா! உன் வீட்டுல தொறக்குதா?”

வாசல் கேட்டருகே அக்காவின் குரல். நான் என்ன செய்தேன் தெரியுமா? போன் வயரைப் பிடுங்கிவிட்டேன். படம் அந்தப் பொட்டோடு நின்றது. திரையையும் அணைத்தேன். அண்ணன் அங்கே பூட்டினார், நான் இங்கே பூட்டினேன். வெட்கமாக இருக்கிறது.

5

(இந்த இடத்தில் கதை நின்றுபோனது. சந்திரிகாதான் காரணம். அப்பா வந்ததை மறைக்கச் சம்மதித்த மகள், அந்தப் படத்தையே எல்லாரும் பார்க்கப் போடுவாளா? நம்பும்படி இல்லை என்று அவளைத் திருத்தப் பார்த்தேன். மறதிக்காரியாக்கினேன், ஒட்டவில்லை. வேண்டுமென்றே போட்டாள் என்று எழுதினேன். ஒட்டிக்கொண்டது. ‘அம்மா, நீ கேட்க மாட்டாய், அவர் சொல்ல மாட்டார், நீயே பார்த்துக்...’ வேண்டாம், அவள் இப்படிச் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை.)

6

அக்கா குடையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“தொறக்கலக்கா. லைன் போயிருச்சு.”

“கையில என்ன?”

வயர் என் கையிலேயே இருந்தது.

“அவரு இருக்காரா படத்துல?” என்றார்.

“அக்கா...”

“ஈப்போவுல தம்பி வீட்டுக்குப் போறேன்னுதான் போனாரு. அலமாரியில பாஸ்போர்ட்டக் காணோம். ஈப்போ போறதுக்குப் பாஸ்போர்ட் எதுக்கு லா?”

ஐயோ! எனக்கு முன்பே அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் இவருக்காகப் பதறிக்கொண்டிருக்கிறேன்!

“நீங்க கேக்கலியா?”

“கேட்டா ஆமான்னு சொல்லிருவாரு. அப்புறம் அந்த மனுஷனுக்கு நான் எப்படி உக்காந்து சோறு போடுறது?”

“அப்ப எதுக்குக்கா படத்தப் பாக்கணும்னு...”

“என் எடத்துல நின்னு தண்ணி ஊத்துனது யாரு? அது தெரியணும். அது தெரியாம எனக்குத் தூக்கம் வரல ரீத்தா.”

7

இங்கே மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ. நின்றது அர்ஜுனனின் அம்மா. எஸ்டேட்டிலிருந்து போன அந்த அம்மாள், சம்பந்தி வராத குறை தெரியக் கூடாதென்று செம்பை வாங்கிக்கொண்டார். (அழகுதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கம் நிற்பார்களா?)

ஆ. பெர்த்தில் யாரோ ஒரு தோழியின் அம்மா. (இருக்கலாம். அக்காவுக்கு இது ஆறுதலா, இன்னும் வேதனையா என்று எனக்குத் தெரியவில்லை.)

இ. கதிர்காமநாதனுக்கு வேறொரு... (பத்திரிகை ஆசிரியர் துள்ளிக் குதிப்பார். எழுதிய கையைக் கழுவிக்கொண்டேன்.)

நடந்தது இது. அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “வயரக் குத்து” என்றார். குத்தினேன். திரையையும் போட்டேன். மோடம் கீச்சிட்டது. படம் மறுபடி முதலிலிருந்து இறங்கத் தொடங்கியது.

“கண்ணாடி கொண்டாரல. நீதான் கதை எழுதுறவளாச்சே, பாத்துச் சொல்லு. கதை விடாத.”

பந்தல். தலைப்பாகை. வழுக்கை. கண்ணாடி. கன்னம் இறங்கியதும் நான் அதிர்ந்துபோனேன்.

“அண்ணன் அழறாரு அக்கா.”

“அவர யாரு கேட்டா?” என்றார். அப்படியொரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. “பக்கத்துல நிக்கிறவளச் சொல்லு.”

பக்கத்து முகமும் இறங்கி முடிந்துவிட்டது. நான் பார்த்துவிட்டேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்க்கிறார்.

என்னால் முடியவில்லை. கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்புங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதுவதைப் படிக்கப்போவது நானோ பத்திரிகை ஆசிரியரோ இல்லை. யோகலட்சுமி அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில்தான் விழும்.

“அக்கா, அங்க நிக்கிறது .............................”