மனோகரன் அடித்த கற்பூரம்

"அந்த நாடகத்துல ராஜாவ அவன் பொண்டாட்டி தடுக்க மாட்டாளா?" என்று ரேவதி கேட்டாள்.

கிரேக்க நாடகப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்த மகள் சௌம்யா நிமிர்ந்தாள். "தடுப்பாம்மா. அவன் கேக்க மாட்டான். கெட்டவன் விழுந்தா யாரு அழப்போறா? ஊரே மதிக்கிற நல்லவன், தன் பிடிவாதத்தாலயே விழணும். அதான் டிராஜடி."

ரேவதிக்கு அது உறைத்தது. இந்த ஆவடி குவார்ட்டர்ஸில் அவள் புருஷன் மனோகரனை விட நல்லவர் யார்? சங்கத் தலைவர். அவர் பேச்சுக்கு எல்லா பிளாக்கும் கட்டுப்படும்.

நேற்று கடைசி பிளாக் தமிழரசுவின் குழந்தை திவ்யா, திறந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். மூடியைத் திறந்து போட்டவன் எவன் என்று மனோகரன் குதியாய்க் குதிக்கிறார். அடப் பாவி மனுஷா, திறந்தது நீதானே! விடியலில் டார்ச்சும் கையுமாகத் தண்ணீர் பார்க்கப் போனவர், கம்பெனி பஸ் ஹாரன் கேட்டதும் ஓடியதை ஜன்னல் வழியே பார்த்தவள் அவள். மூடினாரா என்று அப்போது அவளுக்கும் தோன்றவில்லை.

"என்னங்க, நேத்து காலைல நீங்க..."

"யாருக்கு வக்காலத்து வாங்குற? வாய மூடு."

சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன் எல்லாரும் கூடினார்கள். தட்டில் கற்பூரம் எரிந்தது.

"செஞ்சவன் என் ஊட்டு ஆளா இருந்தாலும் இந்தக் குவார்ட்டர்ஸ்ல இருக்கக் கூடாது. இது சத்தியம்!"

ரேவதி மனோகரனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டு, உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு விட்டாரா? மறுநாள் தொட்டியை இறைத்துக் கழுவச் சொன்னவரும் அவரே. அடியில் ஒரு டார்ச் கிடந்தது. தன் பொருள் எதுவானாலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவது மனோகரனின் வழக்கம். முதல் பிளாக் கோதண்டம் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, டார்ச்சை அவரிடமே நீட்டினார்.

மனோகரன் முகம் செத்துப்போயிற்று.

"வுடு மனோகரா, இன்னா இப்போ? வேணும்னேவா செஞ்சே?" என்றார் கோதண்டம். தமிழரசு கூட, "கொழந்த பொழச்சிக்கிச்சு அண்ணே, எங்கியும் போவாதீங்க" என்று கையைப் பிடித்தான். அப்போது அவர் தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

"கற்பூரத்த அடிச்சவன் நான்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், காலி செய்துகொண்டு போகச் சாமி படங்களைக் கழற்ற ஆரம்பித்தார். சௌம்யா புத்தகத்தை மூடி வைத்து அழுதாள். ரேவதி காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அவர் காதில் ஏறவில்லை. ஓர் ஆணி மட்டும் வர மறுத்தது. கற்பூரம் சுட்டுக் கொப்பளித்த கையால் பிடுங்கப் பார்த்து, வலி தாங்காமல் கையை உதறினார்.

ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், அந்த ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தாள்.