கிழிந்த புடவைகளும் பூட்டிய அறையும்

காசு வாங்காமல் சொல்லித் தருகிறேன் என்று எதிர்வீட்டு ரேகா சொன்னதே ராஜாத்திக்கு உறுத்தியது. வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ரேகா குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கதவு கதவாகத் தட்டி, "பழைய புடவ, கிழிஞ்ச நைட்டி இன்னா இருந்தாலும் எடுத்துகினு வாங்கக்கா. மதியானத்துல கால்மிதி மேட் பின்னக் கத்துத் தரேன்" என்று கூப்பிட்டிருந்தாள்.

குழு சேர்த்து லோன் கொடுக்கிறவளா, சோப்பு ஷாம்பு என்று எதையாவது தலையில் கட்டுகிறவளா? அதைக் கண்டுபிடிக்கத்தான் ராஜாத்தி ஒரு பழைய பருத்திப் புடவையோடு போனாள்.

ரேகா புடவை ஓரத்தில் கத்தரியால் சின்னதாக வெட்டு வைத்து, சர்ரென்று நீளப் பட்டையாகக் கிழித்தாள். மூன்று பட்டைகளைச் சேர்த்து, பிசிறு உள்ளே போகும்படி மடித்து ஜடைபோலப் பின்னச் சொன்னாள். பின்னியதைத் தரையில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி, ஒரு சுற்றை அடுத்த சுற்றோடு ஊசியால் பிடித்துத் தைக்க வேண்டும். கூட உட்கார்ந்திருந்த பெண்களுடையது தட்டையாகப் படுத்தது. ராஜாத்தியுடையது ஓரம் தூக்கிக் கிண்ணமாகிவிட்டது.

"ரொம்ப இறுக்குறீங்கக்கா. வளைவுல கொஞ்சம் லூஸா வுடணும். பிரிச்சிட்டு திரும்பத் தைங்க."

ராஜாத்தி பிரித்தாள். கண் மட்டும் உள்ளறைக் கதவின் மேலேயே இருந்தது. வெளியே பூட்டு தொங்கியது. புருஷன் லாரியோடு வெளியூர் போயிருக்கிறார் என்று ரேகா சொல்லியிருந்தாள். ஆளில்லாத அறைக்கு எதற்குப் பூட்டு?

இன்னொன்றும் இருந்தது. இரண்டு பின்னினால் ஒன்று ரேகாவுக்கு. "எதுக்கு?" என்று கேட்டால், "எனக்குத் தேவ கீதுக்கா" என்பாள். ஆனால் அவள் கூடத்தில் ஒரு கால்மிதி கிடையாது. வாசலிலும் கிடையாது. விற்கிறாளோ என்று ராஜாத்தி வண்ணாரப்பேட்டைக்குப் போனபோது நடைபாதைக் கடைகளில் அடுக்கியிருந்த கால்மிதிகளையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட இவர்கள் பின்னியது இல்லை.

ஒரு மதியம் உள்ளறையில் கனமாக ஏதோ விழுந்தது. பின்னாலேயே ஓர் ஆணின் முனகல். ரேகா விருட்டென்று எழுந்து பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்து தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே வந்து மறுபடி பூட்டியவள், "பூனை. சாமானத் தள்ளிச்சி" என்றாள். அவள் நெற்றியில் வியர்வை வழிந்தது.

ராஜாத்தி நேராகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெயவேலிடம் போனாள். "அந்த ரேகா உள்ரூம்ல யாரையோ அடச்சி வச்சிக்கீதுண்ணா. மொனவுற சத்தத்த என் காதாலயே கேட்டேன்."

மறுநாள் எல்லாரும் பின்னிக்கொண்டிருக்கும்போது ஜெயவேல் வந்து நின்றார். "அந்தக் கதவக் கொஞ்சம் தொறம்மா."

"மாட்டேண்ணா." ரேகா கதவோடு முதுகை ஒட்டி நின்றாள்.

"தொறக்கலன்னா போலீஸத்தான் கூப்புடணும்."

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே மறுபடி ஏதோ விழுந்தது. பிறகு தட் தட்டென்று நிற்காத சத்தம். அவ்வளவுதான், சுற்றி நின்ற யாரையும் ரேகா பார்க்கவில்லை. பூட்டைத் திறந்து உள்ளே ஓடினாள். ராஜாத்தி பின்னாலேயே போனாள்.

தரையில் ஒருவர் கை கால் வெட்டி இழுக்கக் கிடந்தார். அவர் கிடந்தது வெறும் சிமெண்டுத் தரையில் இல்லை. சுவரிலிருந்து சுவர்வரை கால்மிதிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து ரேகா விரித்திருந்தாள். சுவரில் இடுப்புயரத்துக்குச் சணல் சாக்கு அடித்து, கொக்கியால் துணிப் பட்டைகளை அதில் வளையம் வளையமாகக் கோத்து இழுத்து மெத்தையாக்கியிருந்தாள். எல்லார் வீட்டுப் புடவையும் அதில் இருந்தது. ஜன்னலோரம் மட்டும் இன்னும் மூடவில்லை. அங்கிருந்த இரும்புப் பெட்டியில்தான் அவர் கால் மோதிக்கொண்டிருந்தது. ராஜாத்தி பெட்டியை இழுத்துத் தள்ளினாள். ரேகா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கடியில் கையைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது.

"என் வூட்டுக்காரு, அம்புரோஸ்" என்றாள் ரேகா. "டேங்கர் லாரி மேலருந்து வுழுந்ததுலருந்து வலிப்பு. ஆஸ்பத்திரில மாத்தர குடுக்குறாங்க, அப்பயும் வருது. தனியா மாடிப்படிக்குப் போய்ட்டா இன்னா ஆவறது? அதான் பூட்டு. எண்ணூர்ல இருந்தப்ப பேய் புடிச்சிக்கீதுன்னு சொல்லி வூட்டக் காலி பண்ண வச்சாங்க. இங்க தெரிஞ்சா நீங்களும் அதத்தான் செய்வீங்க."

ஜெயவேல் தலையைச் சொறிந்தார். "எனக்கு இன்னாம்மா தெரியும்? ராஜாத்திதான் வந்து சொல்லிச்சி."

ரேகா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களாக்கா?"

"நான்தான்" என்றாள் ராஜாத்தி. ஜெயவேலிடம் திரும்பினாள். "பாத்தாச்சில்ல, கெளம்புண்ணா. காலி பண்ணு கீலி பண்ணுன்னு யார்னா வந்தா, என்னத் தாண்டித்தான் வரணும்."

சில நாள் வகுப்பு நடக்கவில்லை. மறுபடி எல்லாரையும் கூப்பிட்டபோது ரேகா ராஜாத்தி வீட்டுக் கதவை மட்டும் தட்டவில்லை. ராஜாத்தி தானாகவே போய் உட்கார்ந்தாள்.

உள்ளறை திறந்திருந்தது. அம்புரோஸ் கூடத்தில் உட்கார்ந்து புடவை கிழித்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியதில் பட்டை கோணிக்கொண்டு போயிற்று.

"இந்த முனையக் கொஞ்சம் புடிக்கிறீங்களா?" என்றார் ராஜாத்தியிடம்.

அவள் பிடித்தாள். எதிரே ரேகாவின் ஊசி நின்றது. ரேகா ராஜாத்தியின் கையை, முகத்தை, மறுபடி கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி நேராகக் கிழிந்து முடிந்த பிறகுதான் ஊசி மறுபடி துணிக்குள் இறங்கியது.